ஆர்எக்ஸ் (தகவல் வாங்குவதைக் காட்டும்) விளக்கு மினுங்குகிறது, டிஎக்ஸ் (அனுப்புவதைக் காட்டுவது) எரியவே இல்லை, கணினியில் 'டைம் அவுட்', அதாவது பதில் வரவில்லை. எனர்ஜி மீட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பி அசிங்கப்பட்டவன்.

வரிசையில் மற்ற மீட்டர்கள் ஒழுங்காக ரீடிங் தருகின்றன, புதிதாக மாட்டிய ஒன்றுதான் படுத்துகிறது என்று வைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். 14 மீட்டர்களும் ஒரே ஆர்எஸ்-485 வயரில் (ஏ, பி என்று இரண்டு கம்பி, எல்லா மீட்டரும் அதன் வழியாகத்தான் கணினியோடு பேசும்). ஏழாவது எரிந்துபோக, அதே மாடல் கிடைக்காமல் வேறு கம்பெனி மீட்டர் வாங்கி மாட்டினோம். முகவரி (வரிசையில் மீட்டரின் எண்) 7, பாட் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்) 9600 என்று நானே வைத்தேன். ஆர்எக்ஸ் மினுக் மினுக்கென்று அடிக்கிறது, டிஎக்ஸ் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது. ஏ, பி வயர்களை மாற்றிப் பார்த்தேன். ஆர்எக்ஸ் அணையாமல் நின்று எரிந்தது. பழையபடி மாட்டிவிட்டு, மீட்டர் பழுது என்று எழுதி அனுப்பினேன். 12 நாள் கழித்து 'பழுது ஏதும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அதுவரை ஷிப்டுக்கு ஒருமுறை கையால் ரீடிங் எழுதிய மில் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடைசியில் கண்டுபிடித்தது மில் எலக்ட்ரீஷியன் அண்ணன். சும்மா பட்டனை அமுக்கிக்கொண்டே போனவர், "தம்பி, இதுல ஈவன்னு இருக்கு, மத்ததுல நன்னுதான இருக்கு?" என்றார். பாரிட்டி. பிழை கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கிற கூடுதல் பிட். ஈவன் என்றால் அது உண்டு, நன் (None) என்றால் இல்லை. செட்டிங்கில் நான் அந்தப் பக்கம் வரை போகவே இல்லை. மாற்றி, சப்ளையை ஒருமுறை நிறுத்திப் போட்டதும் டிஎக்ஸ் அடித்தது.

ஆர்எக்ஸ் அடித்தால் வயரில் ஏதோ ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பக்கத்து மீட்டரிடம் கேட்கிற கேள்விக்கும் அது மினுங்கும். முகவரி பொருந்தாவிட்டாலோ, வந்தது பிழையாகத் தெரிந்தாலோ மோட்பஸ் (மீட்டரும் கணினியும் பேசுகிற மொழி) மீட்டர் வாயே திறக்காது, தப்பு என்றுகூடச் சொல்லாது. ஈவன் வைத்த மீட்டர் ஒரு எழுத்துக்கு 11 பிட் எதிர்பார்க்கும். நன்னும் ஒரே ஒரு ஸ்டாப் பிட்டும் (எழுத்து முடிந்தது என்று காட்டுவது) வைத்த கணினி 10 பிட்தான் அனுப்பும். அப்புறம் எங்கே பேசுவது? அதனால் முகவரி, பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் நன்றாக ஓடுகிற மீட்டரோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். டிஎக்ஸும் அடித்து டைம் அவுட் வந்தால் மீட்டர் பதில் சொல்லிவிட்டது. கணினிப் பக்கமும், வயரைக் கணினியோடு இணைக்கிற கன்வெர்ட்டரும் பாருங்கள்.

மோட்பஸ் விதிப்படி ஈவன்தான் இயல்பு என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும், 19200-உம் ஈவனும்தான் அதில் இருக்கிறது. நான் பார்த்த பேனல்களில் பெரும்பாலும் 9600, நன். ஆசிலாஸ்கோப் (சிக்னலை அலையாகக் காட்டும் கருவி) வைத்துப் பார் என்பவர்களுக்கு: எங்கள் பையில் இருப்பது மல்ட்டிமீட்டரும் டெஸ்டரும்தான்.

அந்த 12 நாளில் நான்கு முறை பைக்கில் போய் வந்தேன். பெட்ரோல் பில்லை நீட்டினால், "உன் தப்புக்கு நாங்க ஏன் தரணும்?" என்றார் முதலாளி. சரி, தப்பு என்னுடையதுதான். வேறு மாடலை வாங்கிக் கொடுத்தது யார்? சேல்ஸ் ஆளுக்கு மட்டும் காரும் டிரைவரும்.