வாரத்துக்கு ஒருமுறை கஞ்சா பிடித்தால் உடம்பை என்ன செய்யும்? மதுவைவிட அது பரவாயில்லை என்கிறார்களே?

கும்பகோணத்துக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் கிடையாது, டி.ஃபார்ம் படித்தவன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் என் சித்தி மகன் நினைவுக்கு வந்தான். அவனைப் பற்றிச் சொல்ல அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அக்னி நட்சத்திர நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லை, அரசலாறு முழுக்க மணல். சித்தி கடைக்கு வந்து, "தம்பிக்கு மறுபடி வாந்திப்பா, மாத்திரை குடு" என்றார். ஒண்டான்செட்ரான் கொடுத்தேன். அந்த வருடத்தில் அது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. விடியற்காலையில் குமட்ட ஆரம்பிக்கும், தொப்புளைச் சுற்றிப் பிசையும், ஒரு மடக்குத் தண்ணீர்கூட நிற்காது. மூன்று நாள் நான்கு நாள் கிடப்பான். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவான். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி புரோட்டா தின்பான். எண்டோஸ்கோப்பி எடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, மஞ்சள் காமாலை டெஸ்டும் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றும் இல்லை. அல்சர் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை. 68 கிலோ இருந்தவன் 56க்கு வந்துவிட்டான். சித்தி திருஷ்டி சுற்றிப் போட்டார், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தார். யாரோ செய்வினை என்று சொல்லி அதற்கும் ஒரு தொகை போனது.

அன்று சாயங்காலம் பார்க்கப் போனேன். கொல்லையில் விறகடுப்பு எரிகிறது, மேலே அண்டாவில் வெந்நீர் கொதிக்கிறது. அந்த வெயிலில்! பையன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சொம்பு சொம்பாக மேலே ஊற்றிக்கொண்டிருக்கிறான். முதுகும் தோளும் வெந்து சிவந்திருந்தன. காலையிலிருந்து அது எட்டாவது குளியல் என்றார் சித்தி. "வெந்நி ஊத்துனாத்தான்ணே கொஞ்சம் அடங்குது, நிறுத்துனா பொரட்டுது" என்றான். காய்ச்சல் ஜன்னி ஏதோ என்று நினைத்தேன். மருந்துகளோடு புழங்குகிற எனக்கே வேறு எதுவும் தோன்றவில்லை.

தஞ்சாவூரில் ஒரு குடல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "வாந்தி வரும்போது எதுல கேக்குது?" என்றார். வெந்நீர் என்று சித்திதான் சொன்னார். டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து, அவன் சம்மதத்தோடு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். ஐந்து வருடமாகத் தினமும் கஞ்சா.

அந்த நோய்க்குப் பெயர் கன்னாபினாய்டு ஹைப்பர்எமெசிஸ் சிண்ட்ரோம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பக்கத்து மருத்துவர்கள் 2004இல்தான் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். நீண்ட நாள், அடிக்கடி கஞ்சா பிடிப்பவர்களில் சிலருக்கு வரும். விசித்திரம் என்னவென்றால், கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற அதே பொருளை, கீமோதெரபி எடுக்கும் புற்றுநோயாளிகளின் வாந்தியை நிறுத்த அமெரிக்காவில் 1985 முதல் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அளவோடு கொடுத்தால் வாந்தியை நிறுத்துகிற பொருள், வருடக்கணக்கில் போனால் வாந்தியைக் கிளப்புகிறது. வெந்நீர் விஷயத்தையும் டாக்டர் விளக்கினார். 43 டிகிரிக்கு மேல் போகும் சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணர்வது தோல் நரம்பில் இருக்கும் ஒரே ஏற்பிதான். அதைக் கண்டுபிடித்தவருக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைத் தூண்டினால் குமட்டல் அடங்குகிறது என்று நினைக்கிறார்கள். அதனால் இந்த வாந்திக்கு மிளகாய்ச் சத்துள்ள களிம்பை வயிற்றில் தடவும் வைத்தியமும் உண்டு. சாதாரண வாந்தி மாத்திரை பல நேரம் கேட்பதில்லை. நான் கொடுத்ததெல்லாம் வீணாய்ப் போனது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். தீர்வு ஒன்றுதான், கஞ்சாவை அடியோடு நிறுத்துவது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாரம் ஒருமுறை பிடிக்கும் எல்லோருக்கும் இது வரும் என்று சொன்னால் அது பொய். பிடிக்கும் பலருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ஆனால் இவனும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் ஆரம்பித்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், 17 வயது, பீடித் தூளோடு கலந்து. படிப்பு முடிந்து அறுவடை மெஷினில் வேலைக்குப் போனான். தை மாசியில் நடுராத்திரி வரை வயலில் மெஷின் ஓடும். அந்த இரைச்சலுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று தினமும் ஒன்று, அப்புறம் காலையிலும் ஒன்று. கஞ்சாவைத் தொடுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பதின்ம வயதில் தொட்டால் ஆறில் ஒருவர். அதனால் வாரத்துக்கு எத்தனை முறை என்பதற்கு முன்னால், உங்கள் வயது என்ன என்றுதான் நான் கேட்பேன்.

வயது ஏன் முக்கியம் என்றால், டிஎச்சி போய் உட்காரும் இடம் மூளையில் ஏற்கெனவே வேறு வேலைக்காக இருக்கிறது. நம் மூளை தானே சுரக்கும் ஒரு பொருளுக்கான இடம் அது. 1992இல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் ஆனந்தம்தான் அந்தப் பெயரின் வேர். பசி, தூக்கம், ஞாபகம், பயம் எல்லாவற்றையும் அளந்து நடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மூளையின் வளர்ச்சி முழுமையாக ஏறக்குறைய 25 வயதாகும். வளர்ந்துகொண்டிருக்கும்போது வெளியிலிருந்து அள்ளிக் கொட்டினால் அந்த அளவு குலைகிறது. நியூசிலாந்தில் 1972–73இல் பிறந்த 1,037 பேரை 38 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பதின்ம வயதில் தொடங்கி விடாமல் பிடித்தவர்களின் ஐக்யூ 8 புள்ளி வரை இறங்கியிருந்தது. இரட்டையரை வைத்துப் பின்னால் செய்த ஆய்வுகள், குடும்பச் சூழலுக்கும் அதில் பங்கு உண்டு என்றன. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், 17 வயதுப் பையனை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

மனநோய்தான் என்னை அதிகம் பயமுறுத்துவது. சுவீடனில் ராணுவத்துக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த வாய்ப்பு கஞ்சாவே பிடிக்காதவர்களைப்போல் ஆறு மடங்கு. வாரம் ஒன்று என்றால் ஒரே வருடத்தில் 50 தாண்டிவிடும். வீட்டில் யாருக்காவது, மாமாவோ பாட்டியோ, மனநோய் இருந்திருந்தால் நீங்கள் ஒரு இழுப்புகூட இழுக்க வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

புகை என்றால் இருமல், சளி, நெஞ்சிரைப்பு. எந்த இலையை எரித்தாலும் தார் உண்டு, பீடியோடு கலந்தால் நிகோட்டினும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பிடித்தவுடன் இதயம் வேகமாகத் துடிக்கும். கை கால் உடனே சொன்னபடி கேட்காது, அதோடு பைக்கை எடுக்காதீர்கள்.

மதுவா கஞ்சாவா, எது தேவலை என்று என் கடையிலும் பையன்கள் கேட்பார்கள். மது அளவு மீறினால் மூச்சு நின்று சாகிறார்கள், கஞ்சா மட்டும் அப்படிக் கொல்வது அரிது. அது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பவர்களை நான் பார்த்ததில்லை. இரண்டும் சேர்ந்துதான் போகிறது, மது உள்ளே இருந்தால் ரத்தத்தில் டிஎச்சியும் கூடுதலாக ஏறுகிறது. அப்புறம் அதே பையன்கள் டாக்டர் சீட்டு இல்லாமல், போதைக்காக, டேபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்டு வந்து நிற்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. கொடுக்கும் இடம் தேடிப் போவார்கள் என்பதும் தெரியும்.

"சித்த வைத்தியத்துலயே இருக்கே" என்பார்கள். சுத்தி செய்து, அளவு பார்த்து, நோய்க்குக் கொடுப்பது அது. பொட்டலத்தில் வருவது என்ன, எவ்வளவு என்று விற்பவனுக்கே தெரியாது.

நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையனுக்கு முதல் வாரம்தான் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, பசியே இல்லை, கெட்ட கனவு. இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினோம், காசு வாங்கவில்லை. போக முடியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கோ அழைக்கலாம், இரண்டும் இலவசம். போலீஸ் பயத்தால் டாக்டரிடம் மறைப்பவர்கள் நிறைய. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவு வழக்கில் மாட்டியவர்கூட, அடிமைப்பட்டிருந்து தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், அந்தப் பிரிவின்படி வழக்கிலிருந்து விடுபட வழி இருக்கிறது. ஒரு வருடம் இவன் வாயைத் திறக்காததால், இவனை யாரும் கேட்காததால், தேவையில்லாத குழாயெல்லாம் வயிற்றுக்குள் போய் வந்தது. சித்தியும் நானும் ஒரு தடவையாவது கோபப்படாமல் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

போன பொங்கலுக்கு நண்பர்களோடு மறுபடி தொட்டுவிட்டான். மாசி வரை தினமும் ஓடியது. ஒருநாள் விடியற்காலையில் குமட்ட ஆரம்பித்ததும் சித்தியை எழுப்பவில்லை, எனக்குப் போன் செய்தான். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவசரப் பிரிவில் நர்ஸ் பெயர், வயது கேட்டார். வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்றார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "கஞ்சா, ஒரு மாசமா தினமும். முன்னாடி இதே வாந்தி வந்துருக்கு" என்று அவனே சொன்னான். நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, மருந்து ஏதாவது அலர்ஜி உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போனார்.