பழைய டீசல் ஜீப் பிக்கப்: அட்வான்ஸுக்கு முன் ஆர்.சி.யைப் படியுங்கள்

கேள்வி: மாடம்பாக்கத்தில் இருக்கிறேன். உத்திரமேரூர் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. உரமூட்டை, பைப் ஏற்றிப் போகவும் விடுமுறையில் மலைப்பக்கம் ஓட்டவும் பழைய டீசல் ஃபோர் வீல் பிக்கப் தேடினேன். ஜீப் முகமும் பின்னால் தொட்டியுமாக ஒரு மஹிந்திரா கிடைத்திருக்கிறது. ஆர்.சி.யில் தயாரிப்பு மார்ச் 1996, பதிவு மே 1996, 2112 சிசி, சரக்கு வாகனம் என்று இருக்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) 2023-இல் முடிந்துவிட்டது. "மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டி சார், இன்ஜின் மட்டும் எம்.டி.ஐ. மாத்தியிருக்கு, பேர் மாத்தறது என் பொறுப்பு" என்கிறார் புரோக்கர். விலை 3,40,000. அட்வான்ஸ் 25,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய நான்கு வரியிலேயே புரோக்கர் சொன்னதில் ஒன்று பொய், இன்னொன்று சட்டச் சிக்கல் என்று தெரிகிறது.

முதலில் பொய். தயாரிப்பு மார்ச், பதிவு மே. இரண்டு மாதத்தில் எந்த ராணுவமும் வண்டியை ஏலம் விடுவதில்லை. பல வருடம் ஓட்டித் தேய்ந்த பிறகுதான் கழிப்பார்கள். உண்மையான ராணுவ வண்டியின் ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டுக்கும் முதல் பதிவுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரியும். முதல் பதிவுக்கு ஆதாரமாக, வழக்கமாக ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐ ராணுவ அதிகாரியே கொடுத்திருப்பார். மோட்டார் வாகன விதிகளில் ராணுவத்திலிருந்து கழித்த வண்டிக்கென்று இது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சான்றில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஏலம் எடுத்தவர் பெயர் மூன்றும் ஆர்.சி.யின் முதல் உரிமையாளர் விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஏலத்தில் ஓடும் வண்டியாக விற்ற லாட் வேறு, பழைய இரும்பாக விற்ற லாட் வேறு. இரும்பாக விற்றதற்குப் படிவம் 21 கிடையாது. அதை வாங்கி, எங்கோ செத்துப்போன ஒரு ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை அதன் தலையில் கட்டி, சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் புதிதாகக் குத்தி விற்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட், அம்புக்குறி போட்ட பழைய எண், கேன் மாட்டும் ஸ்டாண்டு எல்லாம் கடையில் கிடைக்கும். படிவம் 21 கடையில் கிடைக்காது. ஆகவே அடுத்து யாராவது "மிலிட்டரி வண்டி" என்றால், அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ராணுவ வண்டியையும் அரசுத் துறை வண்டியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வனத்துறை ஜீப், பொதுப்பணித்துறை ஜீப் என்று சொல்லி விற்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிப்பே கிடையாது, உடைக்கத்தான் போக வேண்டும். பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் அதில் விலக்கு. டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக இறங்கும் வண்டிகளும் உண்டு. அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு காணாமல் போய்விடும்.

அடுத்தது சட்டச் சிக்கல். ஆர்.சி.யில் 2112 சிசி என்றால் அது பழைய மஹிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் இன்ஜின். எம்.டி.ஐ. என்பது மஹிந்திராவின் வேறொரு டீசல் இன்ஜின், 2523 சிசி. பானெட்டுக்குள் இருப்பது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொன்ன பிறகு, பிரேக் இன்ஸ்பெக்டர்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். எஃப்.சி.க்குப் போனால் பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். அங்கேயே நின்றுவிடும். 2023-இல் எஃப்.சி. ஏன் நின்றது என்பதற்குக் காரணமும் இதுவாகவே இருக்கலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால், அதற்கு ஒரே பதில்: இப்போது இருக்கும் உரிமையாளர் பெயரிலேயே இன்ஜின் மாற்றத்தை ஏற்றி, எஃப்.சி.யும் எடுத்துக் கொடுக்கட்டும், பிறகு பேசலாம்.

பெயர் மாற்றம் அவர் பொறுப்பு என்பதையும் நம்பாதீர்கள். எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இல்லாமல் விண்ணப்பம் நகராது. பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்களான 29, 30-ஐக் காட்டுவார்கள். அவை நாலு கை மாறி வந்திருக்கும். இப்போது ஆர்.சி.யோடு இணைத்த செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த ஆள் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் பத்து வருடம் முன்பு வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல், அவருடைய அடையாள அட்டையை ஒப்பிடாமல் பணம் நகரக் கூடாது.

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் நிலுவை, கறுப்புப் பட்டியல், எஃப்.சி. தேதி தெரியும். ஒன்றுமே வரவில்லை என்றால் பதறாதீர்கள். பழைய புத்தக ஆர்.சி. பலவற்றை இன்னும் கணினியில் ஏற்றவில்லை. பேக்லாக் என்ட்ரி போட வேண்டும். அதற்கு உரிமையாளர் பதிவு செய்த அலுவலகத்துக்கு மூல ஆர்.சி.யோடு போக வேண்டும், அங்கே பழைய பதிவேடு தேடப்பட வேண்டும். எல்லாம் ஆன்லைன் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், பதிவேடு தேடுகிறவர் மட்டும் லீவில் இருப்பார். இந்த அலைச்சல் விற்பவருடையது. உங்கள் தலையில் விழவிடாதீர்கள்.

சரக்கு வாகனம் என்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் போர்டை வெள்ளை ஆக்கித் தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு விலை கொடுக்காதீர்கள். மாற்றிய ஆர்.சி. கையில் இருந்தால் மட்டும் நம்புங்கள். மஞ்சள் போர்டோடே வாழ முடியும். கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே போதும், 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குத் தனி பேட்ஜ் தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம். ஆனால் எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. உண்டு. பழைய வண்டிக்கான கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், போகும் முன் பரிவாஹன் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். மலைக்குப் போகும்போது நண்பர்களைத் தொட்டியில் ஏற்றாதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.

எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, சட்டப்படி செல்லத்தக்க பதிவு இல்லாத வண்டிதான். அதனால் ஓட்டிப் பார்ப்பது பொதுச் சாலையில் வேண்டாம். காலி மனை, மைதானம் என்று ஓரிடம் கேளுங்கள். அது ஒரு விதத்தில் நல்லதே, ஃபோர் வீலைத் தார்ச்சாலையில் சோதிக்கவே கூடாது. வறண்ட தாரில் போட்டுத் திரும்பினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு, இரண்டு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிவிடும்.

காகிதம் சரியானால் மட்டும் ஒரு மெக்கானிக்கோடு போங்கள். புரோக்கர் அழைத்து வரும் மெக்கானிக் அல்ல. காலையில், இன்ஜின் தொடாமல் குளிர்ந்திருக்கும்போது வருவேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள், வேறொரு நாள் வாருங்கள். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், இல்லை ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். எம்.டி.ஐ. நேரடியாக டீசல் பீய்ச்சும் இன்ஜின், ஹீட்டர் பிளக் இல்லாமலே சென்னைச் சூட்டில் உடனே பிடிக்க வேண்டும். பெஜோவுக்கு ஹீட்டர் பிளக் உண்டு, அது வேலை செய்யாவிட்டால் காலையில் அடம் பிடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் முதலில் லேசாக வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை நின்று அடித்தால் ஆயில் எரிகிறது. பாரமே இல்லாமல் கரும்புகை கக்கினால் நாசில், பம்பு, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளினால், குபுகுபுவென்று புகை வந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் இறக்க வேண்டும்.

ஃபோர் வீல் லீவர் இருப்பதால் ஃபோர் வீல் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இந்த ரக வண்டிகளில் பரவலாக நடக்கும் ஏமாற்று இதுதான். முன் ஆக்ஸிலில் சத்தம் வந்தால் சரிசெய்யச் செலவாகும் என்று முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிடுவார்கள். லீவர் அழகாக ஆடும், கீழே ஒன்றும் இருக்காது. படுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் இருந்தால் அதைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, அதன் மூட்டான யூ.ஜே. கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தில், அதை ஆக்ஸிலோடு இணைக்கும் ஹப் லாக் இருந்தால் இரண்டையும் பூட்டிவிட்டு, இளகிய மணலில் மெதுவாக எடுக்கச் சொல்லி, முன் சக்கரம் மண்ணைப் பிறாண்டுகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். லோ கியரையும் போட்டுப் பாருங்கள். அது நழுவி நியூட்ரலுக்கு வந்தால் மலையிறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. அதேபோல இரண்டாம் கியரில் வேகமெடுத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் துள்ளி வெளியே வருகிறதா என்றும் கவனியுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங் பின் அல்லது வீல் பேரிங். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு. இதை விட்டுவிட்டால் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறும். வீல் பேலன்ஸ் பார்த்தால் போகும் என்று சொல்வார்கள், போகாது.

இன்ஜினைவிடச் சேஸிஸைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். இன்ஜின் இறக்கி ஏற்றலாம், பாகங்கள் புதுப்பேட்டையில் கிடைக்கும். எம்.டி.ஐ. பொலேரோ வரை வந்த குடும்பம் என்பதால் அதற்கு எளிதாகவே கிடைக்கும், பெஜோவுக்குத் தேட வேண்டும். துரு தின்ற சேஸிஸுக்கு மருந்து கிடையாது. சென்னையில் மீன் லோடு அடித்த பிக்கப் என்றால் இன்னும் மோசம். காசிமேட்டிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டி ஓட்டை வழியாகச் சேஸிஸ் மேல் வருடக்கணக்கில் ஒழுகியிருக்கும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், தொட்டி போல்ட் இறங்கும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை இவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால், புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால், தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால், விட்டுவிடுங்கள். பாடியில் ஒரு காந்தத்தை நூலில் கட்டி நகர்த்துங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்த இடம்.

2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் மழையிலோ மூழ்கிய வண்டியா என்று அறிய, முன், பின் ஆக்ஸில் ஹவுசிங் இரண்டிலும் ஆயில் பிளக்கைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங், கிரவுன் பற்களைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இதெல்லாம் தாண்டியும் வண்டி பிடித்திருந்தால், விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ரிப்பேருக்கு எடுத்து வையுங்கள். பிரேக் சிலிண்டர், ரப்பர் எல்லாம், டயர், பேட்டரி, எல்லா ஆயிலும் மாற்றிய பிறகுதான் நம்பி ஓட்ட முடியும். டயர் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஆகும். பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும்.

சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து நீங்களே பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பணம்: சிறு தொகையை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் மட்டும் போட்டு, பெயர் மாற்றம் நடக்காவிட்டால் திரும்பத் தர வேண்டும் என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். மீதி, பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அவர் ஓ.டி.பி. கொடுத்து ரசீது வந்த பிறகு. புரோக்கருக்குக் கமிஷன் புது ஆர்.சி. உங்கள் பெயரில் கைக்கு வந்த அன்று. இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதவர், பெயர் மாறாது என்பதை ஏற்கெனவே அறிந்தவர்.