கைப்பிடி இல்லாத கோப்பை

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பீங்கான் டீ செட் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். பாதிக் கோப்பைகளுக்குக் கைப்பிடியே இல்லை, சாசரும் பாதிதான் இருந்தது. மீதி உடைந்திருக்குமோ?

பதில்: ஒன்றும் உடையவில்லை, செட்டே அப்படித்தான் வரும். டீக்குச் சீன வடிவத்தில் கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணம், காபிக்குக் கைப்பிடி வைத்த ஒடுக்கமான கோப்பை. ஒரே நேரத்தில் ஒருவர் இரண்டையும் குடிக்கப் போவதில்லையே, அதனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாசர். இந்த மூன்றையும் சேர்த்து ‘டிரையோ’ என்பார்கள். கூடவே ஒரு பெரிய கிண்ணமும் இருந்திருக்குமே? ஆறிப்போன டீயையும் சக்கையையும் கொட்டுவதற்கு அது. அதைப் பார்த்துச் சர்க்கரைக் கிண்ணம் என்று நினைப்பவர்கள் உண்டு, பாவம்.

கேள்வி: அடியில் முத்திரை இல்லை, ஒரு எண் மட்டும் இருக்கிறது. போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். 1781-இல் ஸ்டாஃபர்ட்ஷையரில் தொடங்கிய நியூ ஹால் ஆலை, பெரும்பாலும் டிசைன் எண்ணை மட்டும்தான் எழுதியது. ஆனால் எண் போட்ட ஆலைகள் வேறு பலவும் இருந்ததால், எண்ணை மட்டும் வைத்து ஆலையைச் சொல்லிவிட முடியாது. பாத்திரத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் முத்திரையைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். லண்டன் செல்சி ஆலையின் முத்திரையான தங்க நங்கூரத்தைப் பிற்காலப் போலிகளில் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். அது போகட்டும், இங்கிலாந்தின் வூஸ்டர் ஆலையே அந்தக் காலத்தில் ஜெர்மனியின் மைசன் ஆலையுடைய வாள் முத்திரையைத் தன் பாத்திரங்களில் போட்டிருக்கிறது!

கேள்வி: பூ வேலை கையால் வரைந்ததா, அச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரே செட்டின் இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையால் வரைந்தது என்றால் ஒன்றில் இலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் காம்பு நீண்டிருக்கும். அச்சு என்றால் இரண்டும் அப்படியே ஒத்திருக்கும், பூதக்கண்ணாடியில் நிழல் பகுதி மெல்லிய கோடுகளாகப் பிரிந்து தெரியும். வூஸ்டரில் 1750-களிலேயே அச்சு வந்துவிட்டது, அச்சுக் கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்பியதும் உண்டு, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அப்புறம், எனாமல் வண்ணம் பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டி மறுபடி சூளையில் வைத்தது, அதனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசாக மேடு தட்டும். டார்பி பீங்கான் ஆலையில் வேலை பார்த்த ஓவியர் வில்லியம் பில்லிங்ஸ்லியின் ரோஜாக்களைக் கவனியுங்கள்: இதழ் முழுக்க வண்ணம் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தூரிகையால் வண்ணத்தைத் துடைத்தெடுப்பார். அந்தத் துடைத்த தடத்தை அச்சில் கொண்டுவர முடியாது.

கேள்வி: அதில் டீ ஊற்றிக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அன்றைக்கே பல ஆலைகளின் டீ பாட் கொதிநீர் பட்டதும் விரிசல் விட்டது. 1751-இல் தொடங்கிய வூஸ்டர் பெயர் வாங்கியதே, மண்ணோடு கார்ன்வால் மாக்கல்லைச் சேர்த்து அந்தச் சூட்டைத் தாங்க வைத்ததால்தான். இருந்தாலும் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வூஸ்டரையும் சோதித்துப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் என்றால் பேச்சே வேண்டாம், தங்க வேலையில் பொறி பறக்கும்.