விதைத்த பனியை அளப்பது எப்படி?

கேள்வி: மேகத்தில் சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருளின் துகள்களைத் தூவும் மேக விதைப்பால் மலைகளில் பனி கூடி ஆற்றுநீர் பெருகுகிறது என்கிறார்களே, அந்தப் பனி தானாகவே பெய்ததில்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: சிக்கலே அங்கேதான். ஒரே மேகத்தை விதைத்தும் விதைக்காமலும் பார்க்க வழியில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் மேகத்தில் இருந்தால்தான் சில்வர் அயோடைடு துகள்கள் அவற்றைப் பனிப்படிகங்களாக்கும். வறண்ட வானத்தில் தூவிப் பயனில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், அருகருகே அமைந்த மெடிசின் போ, சியரா மாட்ரே மலைத்தொடர்களில் எதை விதைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, மற்றதை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்துப் பல குளிர்காலங்கள் சோதித்தார்கள். விதைப்புக்கு ஏற்ற பனிப்புயல்களில் 5 முதல் 15 சதவீதம் வரை பனி கூடலாம் என்று 2014-இல் மதிப்பிட்டார்கள். ஆனால் குலுக்கல் சோதனையின் நேரடிப் புள்ளியியல் முடிவு மட்டும் அதை நிறுவப் போதவில்லை. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்தது, 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளில் கிடைத்த காட்சி: விமானம் குறுக்கும் மறுக்குமாகப் பறந்து தூவிய பாதை, ரேடார் திரையில் அதே நெளிகோடுகளாகப் பனியாய்த் தெரிந்தது. இயற்கை அப்படிக் கோடு கிழித்துப் பெய்வதில்லை. ஆயினும் மலைப்பனியில் ஒரு பகுதி உருகாமலே ஆவியாகிறது, இன்னொரு பகுதி மண்ணில் இறங்குகிறது. ஆகவே 10 சதவீதக் கூடுதல் பனியை 10 சதவீதக் கூடுதல் ஆற்றுநீராகக் காட்டும் கணக்கை நான் ஏற்பதில்லை.