கவுன்சில் வேலையை விட்டுவிட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதலாமா?

கேள்வி: லண்டனில் ஒரு கவுன்சிலின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சுயதொழிலாகக் குடும்ப நீதிமன்றங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுத ஆசை. எங்கே தொடங்குவது, வருமானம் எப்படி இருக்கும், தமிழ் பேசத் தெரிவது கைகொடுக்குமா?

பதில்: ஆறு ஆண்டு அனுபவம் போதும், அதிலும் நீதிமன்ற வழக்குகளை நீங்களே நடத்தி, சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு நின்றிருந்தால். நிற்காதவர் என்றால் ஓராண்டு பொறுங்கள். அதற்குள் கவுன்சிலிலேயே இரண்டு மூன்று வழக்குகளில் இறுதி அறிக்கை எழுதிச் சாட்சியம் சொல்லிவிடுங்கள். தனியாக வந்தபின் அதைக் கற்றுத்தர யாரும் இருக்கமாட்டார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இண்டிபெண்டண்ட் சோஷியல் வொர்க்கர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கவுன்சில் தன் வேலையை வெளியே கொடுப்பது. பாட்டி, சித்தி போன்ற உறவினரைச் சிறப்புப் பாதுகாவலராக்கலாமா என்ற மதிப்பீடு, பெற்றோர் மதிப்பீடு, உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைப்பதா பிரிப்பதா என்ற மதிப்பீடு ஆகியவற்றுக்குக் கவுன்சிலில் ஆள் போதாதபோது உங்களைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஓர் அறிக்கைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசுவார்கள். இன்னொன்று, நீதிமன்றமே அனுமதித்து, எல்லாத் தரப்பும் சேர்ந்து உங்களை நிபுணராக நியமிப்பது. பொறுப்பும் விதிகளும் கட்டணமும் இங்கே வேறு. முதல் வகையில் ஓராண்டு ஓட்டிவிட்டு இரண்டாவதற்குப் போவதே நல்லது. இவை தவிர, குடும்ப நீதிமன்ற வழக்குகளில் குழந்தைகளின் நலனைப் பார்க்கும் அரசு அமைப்பான காஃப்காஸும் சுயதொழில் பணியாளர்களுக்கு அறிக்கை வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. தனியார் வழக்குகளில், அதாவது பெற்றோருக்குள் நடக்கும் வழக்குகளில் பழக அது நல்ல இடம்.

நீதிமன்ற நியமனம் எளிதில் கிடைக்காததற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2014 குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, வழக்கை நியாயமாக முடிக்க 'அவசியம்' என்றால் மட்டுமே நிபுணர் சாட்சியத்துக்கு அனுமதி. இருந்தால் நல்லது, பயன்படும் என்பதெல்லாம் போதாது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி சர் ஜேம்ஸ் மன்பி அந்தச் சொல்லுக்கு விளக்கம் தந்தார். கவுன்சிலின் சமூகப் பணியாளரும், குழந்தையின் சார்பில் பேச நீதிமன்றம் நியமிக்கும் கார்டியனும் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களால் முடியாத எதை நீங்கள் தருவீர்கள்? உங்களை அழைக்கும் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், இதற்கு நீதிபதியிடம் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் உங்கள் சிவியில் இருக்க வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பெற்றோரை மதிப்பிடும் 'பாம்ஸ்' பயிற்சி, குடும்பத்துக்கும் கவுன்சிலுக்கும் உறவு முறிந்துபோன நிலை, மொழி, பண்பாடு போன்றவைதான் உண்மையில் செல்லுபடியாகும் காரணங்கள். 'பரந்த அனுபவம் உள்ளவர்' என்று எழுதிய சிவி எடுபடாது. எத்தனை பெற்றோர் மதிப்பீடு, எத்தனை முறை சாட்சியம், கடைசிப் பயிற்சி எப்போது என்று எண்ணாக எழுதுங்கள்.

வேலையை விடுவதற்கு முன் சில ஏற்பாடுகள். சமூகப் பணியாளர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான சோஷியல் வொர்க் இங்கிலாந்தில் உங்கள் பதிவு அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை புதுப்பிக்கும் காலம். ஆண்டுக்கு இரண்டு கற்றல் பதிவுகள் ஏற்ற வேண்டும், அதில் ஒன்று சக பணியாளர் ஒருவரோடு பேசி எழுதியதாக இருக்க வேண்டும். கவுன்சிலில் அடுத்த மேசையில் ஆள் இருப்பார், தனியாளுக்கு இருக்கமாட்டார். ஆகவே மாதம் ஒருமுறை பணம் கொடுத்தாவது ஒரு மேற்பார்வையாளரை வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் 'உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்?' என்ற கேள்வி வரும். உயர்நிலை டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) சான்றிதழை அதற்கென உள்ள அமைப்பு ஒன்றின் வழியாக எடுத்து, வழங்கிய 30 நாளுக்குள் புதுப்பிப்புச் சேவையில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கவுன்சிலும் புதிதாகக் கேட்கும். தனிநபர் தரவைக் கையாள்வதற்காகத் தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிவு, முழுதும் குறியாக்கம் செய்த மடிக்கணினி, பாதுகாப்பான மின்னஞ்சல் மூன்றும் வேண்டும். வழக்குக் கோப்பு சொந்த ஜிமெயிலுக்கு வரவே கூடாது.

தொழில்சார் காப்பீடு இல்லாமல் ஒரு வழக்குக்கூட எடுக்காதீர்கள். நிபுணர் சாட்சிகளைக் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடர முடியாது என்ற பழைய பாதுகாப்பை 2011இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அறிக்கை கொடுத்துப் பல ஆண்டு கழித்தும் புகார் வரலாம், அதனால் தொழிலை நிறுத்திய பிறகும் காப்பு தொடருமா என்று கேட்டு வாங்குங்கள்.

இனிப் பணம். 2013ஆம் ஆண்டின் லீகல் எய்ட் (வழக்குச் செலவை அரசு ஏற்கும் திட்டம்) ஊதிய விதிகளில் சுயாதீனச் சமூகப் பணியாளருக்கு மணிக்கு 30 பவுண்ட், லண்டனில் 33 பவுண்ட். உளவியலாளருக்கு இதைவிட மிக அதிகம். இது நியாயமில்லை என்று இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கணக்கை இந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும். ஒரு பெற்றோர் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். கோப்பு படிக்க 8 மணி, பெற்றோரோடு ஒன்றரை மணி வீதம் ஆறு அமர்வு என்றால் 9 மணி, குழந்தையோடு பெற்றோர் இருக்கும்போது இரண்டு முறை கவனிக்க 4 மணி, பள்ளி, மருத்துவர், சமூகப் பணியாளரிடம் பேச 3 மணி, எழுத 14 மணி. மொத்தம் 38 மணி. லண்டன் வீதத்தில் 1,254 பவுண்ட். தட்டச்சு, அலுவலக வாடகை, சாப்பாடு எதற்கும் லீகல் எய்ட் தராது. காருக்கு மைலுக்கு 45 பென்ஸுக்கு மேல் இல்லை. சந்திப்புக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் ரத்துக் கட்டணமும் கிடையாது.

மணிக்கணக்கைக் குறைத்துச் சொல்லி வேலை பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 25 மணி என்று ஒப்புக்கொண்டுவிட்டு 40 மணி உழைத்தால் மீதி 15 மணி இலவசம். கோப்பு எத்தனை பக்கம் என்று கேட்காமல் மதிப்பீட்டுத் தொகை கொடுக்காதீர்கள். கட்டணம் பெரும்பாலும் தரப்புகளுக்குள் சமமாகப் பிரியும். தாய், தந்தை, குழந்தை, கவுன்சில் என்று நான்கு தரப்பு இருந்தால் நான்கு விலைப்பட்டியல். ஒவ்வொன்றோடும் தேதி, நிமிடம் வாரியாக வேலைக் குறிப்பு இணைக்க வேண்டும், இல்லையென்றால் கட்டணத்தைச் சரிபார்ப்பவர் வெட்டிவிடுவார். லீகல் எய்ட் வந்தபின்தான் தருவோம் என்று சில அலுவலகங்கள் சொல்லும். எத்தனை நாளில் பணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தனியார் வழக்கில் சொந்தச் செலவில் வரும் பெற்றோர் என்றால் முழுத் தொகையும் சொலிசிட்டர் கணக்கில் வந்தபின் முதல் சந்திப்பை வையுங்கள். சாதகமில்லாத அறிக்கைக்கு யாரும் மனமுவந்து பணம் கட்டமாட்டார்கள்.

வரிப் பதிவுக்குக் கடைசி நாள், தொழில் தொடங்கிய வரி ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5. முதல் ஜனவரி 31 பலரை உலுக்கிவிடும். அன்று அந்த ஆண்டின் வரியோடு அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக அதில் பாதியும், ஜூலை 31இல் மறுபாதியும் கட்ட வேண்டியிருக்கும். வருகிற ஒவ்வொரு தொகையிலும் 30 சதவீதத்தை வேறு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். கையில் ஆறு மாதச் செலவு இல்லாமல் வேலையை விட வேண்டாம், முடிந்தால் கவுன்சிலில் வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆனால் அதே கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கு எதையும் தொடாதீர்கள்.

நியமனம் வரும் முறை இது. சொலிசிட்டர் முதலில் விசாரிப்பார்: இந்த வேலை உங்கள் துறைக்குள் வருமா, யாரோடும் தொடர்பு உண்டா, எந்தத் தேதிக்குள் முடியும், எவ்வளவு. நீதிமன்றம் அனுமதித்தால் 5 வேலை நாளுக்குள் அறிவுறுத்தல் கடிதம் தயாராக வேண்டும். அந்தக் கடிதத்தில் இருக்கும் கேள்விகள்தான் உங்கள் எல்லை. கேட்காததை எழுதாதீர்கள், கேட்டதை விடாதீர்கள். குழந்தையைப் பார்க்கும் முன் உத்தரவை வாசியுங்கள். நிபுணர் சாட்சியத்துக்காகக் குழந்தையை மதிப்பிட நீதிமன்ற அனுமதி வேண்டும், சொலிசிட்டர் தொலைபேசியில் 'பாருங்கள்' என்று சொன்னது அனுமதியாகாது. கவனிப்பு வழக்குகள், அதாவது பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுக்கக் கவுன்சில் தொடுக்கும் வழக்குகள், 26 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே தேதி தப்பும் என்று தெரிந்த அன்றே எல்லாத் தரப்புக்கும் எழுதுங்கள். கடைசி நாள் மாலை வரும் மன்னிப்புக் கடிதத்தால் விசாரணை தள்ளிப்போகும், ஒரு குழந்தை இன்னும் சில மாதம் வளர்ப்பு வீட்டில் காத்திருக்கும்.

அறிக்கையின் அமைப்பைக் குடும்ப நடைமுறை விதிகளின் 25ஆம் பகுதியும் அதன் 25பி நடைமுறை வழிகாட்டியும் சொல்கின்றன. தகுதி, அறிவுறுத்தலின் சாரம், பார்த்த ஆவணங்கள், பேசியவர்கள், உண்மை உறுதிமொழி எல்லாம் இருக்கவேண்டும். உறுதிமொழியின் வாசகத்தை வழிகாட்டியில் உள்ளபடியே போடுங்கள், உங்கள் நடையில் மாற்றாதீர்கள். அறிக்கை போய்ச் சேர்ந்தபின் 10 நாளுக்குள் தரப்புகள் எழுத்தில் கேள்வி கேட்கலாம், அதற்கான மணிகளையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

அறிக்கைகள் சரியும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கவுன்சில் தொகுத்த நிகழ்வுகளின் காலவரிசையை நடந்த உண்மையாக எடுத்து எழுதுவது. 'தந்தை தாயை 2022இல் தாக்கினார்' என்று கோப்பில் இருக்கும், தந்தை மறுத்திருப்பார். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி. 'நீதிமன்றம் இது நடந்தது என்று கண்டால் என் கருத்து இது, நடக்கவில்லை என்று கண்டால் இது' என்று இரண்டு வழியிலும் எழுத வேண்டும். இதைச் செய்யாத அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் பிரித்துப்போட்டுவிடுவார்கள். பரிந்துரையிலும் ஒரே வழியை மட்டும் நிறுத்தாதீர்கள். பெற்றோரிடம் திரும்புவது, உறவினர், நீண்டகால வளர்ப்பு, தத்து என்று நடக்கக்கூடிய ஒவ்வொன்றின் நன்மை தீமையையும் எடைபோட வேண்டும் என்று 2013இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அழுத்திச் சொல்லிவிட்டது. ஆளுமைக் கோளாறு, அறிவுத்திறன் அளவு என்று நோய்ப்பெயர் வைப்பது உங்கள் வேலையில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால், உளவியலாளர் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு நில்லுங்கள். பணம் யார் கொடுத்தாலும் உங்கள் கடமை நீதிமன்றத்துக்கே. ஒரு தரப்பு மட்டும் அழைத்துப் பேசினால் குறிப்பெடுத்து மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். வரைவை ஒரு சொலிசிட்டருக்கு மட்டும் காட்டித் திருத்துவது மன்னிக்க முடியாத தவறு.

தமிழ் கைகொடுக்குமா என்றீர்கள். கொடுக்கும். ஒரு தாய் 'பிள்ளைக்கு ஏசினனான், ரெண்டு அடி போட்டனான்' என்கிறார். ஈழத்துப் பேச்சில் ஏசுவது திட்டுவது, அவ்வளவுதான். இது ஆங்கிலத்தில் வசைபாடினேன், உதைத்தேன் என்ற பொருளில் போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் வழக்கே திசைமாறும். அவர் சொன்ன தமிழ்ச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொருளையும், கையால் அடித்தாரா பொருளாலா, எங்கே, தடம் விழுந்ததா என்று நீங்கள் கேட்டறிந்ததையும் எழுதுங்கள். மறுபக்கமும் உண்டு. 'எங்கள் பண்பாட்டில் இது சாதாரணம்' என்று அடியை மூடிவிட உங்கள் தமிழ் உதவக்கூடாது. வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் பிள்ளையை அடிப்பதற்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை என்பதையும் அங்கே வேலை எடுத்தால் நினைவில் வையுங்கள்.

உறவுச் சொற்களிலும் இதே கவனம் தேவை. பிள்ளை 'மாமா' என்று சொல்பவர் தாயின் சகோதரனாக இருக்கலாம், தந்தையோடு வேலை செய்பவராகவும் இருக்கலாம். கோப்பில் இருவரும் 'அங்கிள்'. பாதுகாவலராக வர முன்வரும் ஒருவருக்குப் பிள்ளையோடு என்ன உறவு என்பதை யாருடைய மகன், யாருடைய தம்பி என்று வரைபடமாகப் போட்டு இணைத்துவிடுங்கள்.

தொடர்பு இருக்கிறதா என்ற சோதனையைக் குடும்பப் பெயரை வைத்து மட்டும் செய்யாதீர்கள். நம்மவர்களில் தந்தை பெயரே கடைசிப் பெயராக இருப்பதால் அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் வேறு வேறு குடும்பப் பெயரோடு இருப்பார்கள். முழுப்பெயர்கள், ஊர், வசிக்கும் பகுதி, பிள்ளை போகும் தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் சொலிசிட்டரிடம் கேட்ட பிறகே 'தொடர்பில்லை' என்று எழுதுங்கள். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ கோயில் திருவிழாவில் ஒருவர் உங்களைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், எதிர்த்தரப்பு பாரிஸ்டர் அதைப் பிடித்துக்கொள்வார். சந்தேகமிருந்தால் எடுக்காமல் விடுங்கள். அமர்வைத் தமிழில் நடத்தினால் அறிக்கையில் அதைச் சொல்லுங்கள். ஆனால் மற்றவர்களுக்காக மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சேர்த்துச் செய்யாதீர்கள், சொலிசிட்டர் எவ்வளவு கெஞ்சினாலும்.

இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கும் அம்மம்மாவை மதிப்பிடச் சொல்லி வரும் வேலை ஆசையாகத்தான் இருக்கும். டிக்கெட் போடும் முன், வெளிநாட்டுச் சமூகப் பணியாளர் அந்த நாட்டில் இப்படி மதிப்பீடு செய்யச் சட்டம் இடம் தருகிறதா, எந்த விசா, காப்பீடு அங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எல்லை கடந்த குழந்தை வழக்குகளுக்கென்றே இயங்கும் 'சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் அக்ராஸ் பார்டர்ஸ்' அமைப்பிடம் கவுன்சில் விசாரித்துவிட்டதா என்றும் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் எழுதிய அறிக்கையை அங்குள்ள அதிகாரிகள் ஏற்காவிட்டால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.