‘மிதமிஞ்சிய’ அன்பு வாழ்த்தா, குறையா?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற எங்கள் ஆசிரியைக்கு எழுதிய வாழ்த்து மடலில் “உங்கள் மிதமிஞ்சிய அன்பை மறக்க மாட்டோம்” என்று எழுதினேன். படித்த தோழி முகம் சுளித்தாள். மிதமிஞ்சிய என்றால் ரொம்ப அதிகமான என்றுதானே பொருள்? இதில் என்ன தவறு?

பதில்: உங்கள் மனசு புரிகிறது, ஆனால் தோழி சுளித்ததில் நியாயம் இருக்கிறது. மிதமிஞ்சிய என்ற சொல்லில் ‘அதிகம்’ மட்டும் இல்லை, ‘இவ்வளவு கூடாது’ என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

மிதம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘மித’ என்றால் அளக்கப்பட்டது. (மிதத்தல், மிதவை எல்லாம் வேறு வேர், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அளந்து வைத்ததைத் தாண்டிப் போனால் மிதமிஞ்சியது. அதனால்தான் குடி, செலவு, செல்லம், தன்னம்பிக்கை என்று, ஒரு அளவோடு நின்றிருக்க வேண்டிய விஷயங்களோடு இது இயல்பாகச் சேர்கிறது. ஒரு மலையைப் பார்த்து “மிதமிஞ்சிய உயரம்” என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இத்தனை அடியோடு நின்றிருக்க வேண்டும் என்று மலைக்கு யாரும் அளவு வைக்கவில்லை.

அப்போ “மட்டற்ற மகிழ்ச்சி”, “அளவற்ற அன்பு” மட்டும் எப்படி சரி என்று கேட்பீர்கள். அங்கே ‘அற்ற’ என்று வருகிறது பாருங்கள், அதாவது எல்லையே இல்லை, இல்லாத எல்லையை எப்படி மீறுவது? அந்தச் சொற்கள் அளவைத்தான் சொல்கின்றன, நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் பார்த்துக்கொள்ளும். அளவற்ற அன்பும் உண்டு, அளவற்ற துன்பமும் உண்டு. பசியின் அளவு தெரியாமல் அதிகம் உண்டால் “நோயள வின்றிப் படும்” என்று 947ஆம் குறளில் வள்ளுவர் சொல்லும்போதும் அப்படித்தான், கெடுதல் நோயில் இருக்கிறது, ‘அளவின்றி’யில் இல்லை. மிதமிஞ்சிய, மட்டுமீறிய, வரம்பு மீறிய போன்றவை அப்படியல்ல, எந்த நல்ல சொல்லோடு சேர்த்தாலும் அதன் மேல் ஒரு குறையை ஏற்றிவிடும். ‘அளவு கடந்த’ மட்டும் எனக்குத் தெரிந்து இரண்டு பக்கமும் போகும், அளவு கடந்த பாசம், அளவு கடந்த கோபம் இரண்டுமே காதுக்கு உறுத்துவதில்லை.

சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான்: அந்த இடத்தில் பேச்சில் வரும் ‘ஓவரா’வைப் போட்டுப் பார்ப்பேன். “ஓவரா செலவு பண்றான்” பொருந்துகிறது, அங்கே மிதமிஞ்சிய செலவு என்று தாராளமாக எழுதலாம். “டீச்சர் எங்க மேல ஓவரா அன்பு காட்டினாங்க” என்று சொல்லிப் பாருங்கள், தோழி ஏன் சுளித்தாள் என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் எழுத்தில் ஒன்று. இதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். ‘மிதமிஞ்சிய குடி’யில் ஒற்று மிகாது, ‘மிதமிஞ்சிக் குடித்தான்’ என்னும்போது க் வரும்.

மடல் இன்னும் கையில் இருந்தால் “உங்கள் அளவற்ற அன்பை மறக்க மாட்டோம்” என்று மாற்றிவிடுங்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் கவலை வேண்டாம், நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்பது அந்த ஆசிரியைக்குத் தெரியாமல் இருக்காது.