கூப்பிட்டால் ஓடும் பிள்ளையை வீட்டு வேலைக்குப் பழக்குவது எப்படி?

மகனுக்கு ஆறு வயது, வீட்டைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டாலே ஓடிவிடுகிறான், எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வயதில் அவன் துடைப்பத்தைப் பிடுங்கியபோது என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மகளிடம் நான், "கொடு, நீ போய் விளையாடு" என்றேன். அவள் கூட்டினால் ஓரிடத்தில் இருக்கும் குப்பை நாலு இடத்துக்குப் போகும், எனக்கோ வேலை சீக்கிரம் முடிய வேண்டும். ஐந்து வயதில் நானே கூப்பிட்டபோது அவள் வரவில்லை. வீட்டு வேலை அம்மாவுடையது என்று அதற்குள் புரிந்துவைத்திருந்தாள். அதைப் புரியவைத்தது நான்தான்.

உதவும் ஆசை சின்னக் குழந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. வார்னெக்கென், டொமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகள் முன்னால் பொருளைக் கீழே தவறவிட்டு எட்டாமல் தடுமாறுவது போன்ற காட்சிகளை நடத்திப் பார்த்தார்கள். 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு தடவையாவது உதவ வந்தார்கள். இது 2006-இல் வெளிவந்தது. 2008-இல் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு என்னை இன்னும் யோசிக்கவைத்தது. உதவியதற்குப் பரிசாகப் பொருள் வாங்கிய 20 மாதக் குழந்தைகள், ஒன்றும் வாங்காத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகவே உதவினார்கள்.

எங்கள் வீட்டிலும், வேலை செய்தால் பரிசாக ஸ்டிக்கர் ஒட்டும் அட்டை தொங்கியது. இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தண்ணீர் சிந்தியதைத் துடைக்கச் சொன்னால், "இதுக்கு எத்தனை ஸ்டிக்கர்?" என்று கேட்டாள். அன்றே கழற்றிவிட்டேன். எல்லோரும் புழங்கும் வீட்டைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சரி, என்னதான் செய்வது? முதலில் வேலையைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சின்னதாக்குங்கள். "உன் அறையைச் சுத்தம் பண்ணு" என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "கட்டிலுக்கு அடியில் இருக்கிற பொம்மைகளைக் கூடையில் போடு" என்றால் தெரியும். கருவியும் அவன் அளவுக்கு இருக்கட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் கூட்டுவதும் துடைப்பதும் கல்வியின் பகுதியாகவே இருந்தன. அந்த முறைப் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகளுக்கென்று சிறிய துடைப்பம் உண்டு. நான் பழைய துடைப்பம் ஒன்றின் கம்பை என் மகளின் தோளுயரத்துக்கு அறுத்துக் கொடுத்தேன். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, குப்பையெல்லாம் அதற்குள் வர வேண்டும் என்றேன். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இதையெல்லாம்விட முக்கியமானது, பிள்ளை செய்த வேலையை நாம் திரும்பச் செய்யாமல் இருப்பது. ஒருநாள் அவள் மடித்துவைத்த துண்டுகளை, அவள் தூங்கியதும் பிரித்து நேராக மடித்துவைத்தேன். காலையில் அலமாரியைத் திறந்து, "நான் மடிச்சது எங்கேம்மா?" என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு மாதம் அவள் துணியைத் தொடவில்லை. இப்போது கோணலாக மடித்த துண்டுகள் அப்படியே இருக்கின்றன. எடுத்துத் துடைத்துக்கொள்ளும்போது எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பினாயில், ப்ளீச், கழிவறை ஆசிட் எல்லாம் பிள்ளைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் பூட்டி இருக்க வேண்டும். ப்ளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். இந்த வயதுக்கு ஈரத் துணியே போதும்.

ஆண் பிள்ளைதானே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழுக்காக்குவதில் பங்கு இருக்கிறவனுக்குத் துடைப்பதிலும் பங்கு உண்டு.

இன்றைக்கே தொடங்குவதானால் சாக்ஸில் தொடங்குங்கள். துவைத்துக் காய்ந்த சாக்ஸை எல்லாம் தரையில் கொட்டி, நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜோடி சேர்த்துவையுங்கள். முதல் வாரம் ஜோடி மாறித்தான் வரும். அவன் சேர்த்த ஜோடியையே அவன் போட்டுக்கொண்டு போகட்டும்.